வயிற்றை ஸ்கான் செய்ய முன்னர் நீங்கள் சொல்ல வேண்டியவை

எங்கள் சமூகத்தில் மலத்துடன் இரத்தம் போனால் அதற்கு ஒரே பெயர்தான்: மூலவியாதி. உறைப்பைக் குறை, வெந்தயத்தை ஊறவைத்துக் குடி என்று வைத்தியமும் வீட்டிலேயே முடிந்துவிடும். பலருக்கு அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் பெருங்குடற் புற்றுநோயும், குரோன்ஸ் போன்ற குடல் அழற்சி நோய்களும் இதே அறிகுறியுடன் தொடங்கலாம். வெளியில் இருந்து பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. அதற்காகத்தான் பரிசோதனைகள். அவற்றின் பயனில் பாதி, நீங்கள் மறைக்காமல் சொல்வதில்தான் இருக்கிறது.

எந்தப் பரிசோதனை எதற்கு?

"டொக்டர், நேரே எம்.ஆர்.ஐ.க்கு எழுதித் தாருங்கள்" என்று கேட்பவர்கள் பலர். விலை கூடிய பரிசோதனைதான் சிறந்தது என்றில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

அல்ட்ராசவுண்ட்: ஒலி அலைகளால் எடுக்கப்படுவது, கதிர்வீச்சு இல்லை. பித்தப்பைக் கல், பிள்ளைகளின் குடல்வால் அழற்சி போன்றவற்றுக்கு நல்லது. சில மணி நேரம் சாப்பிடாமல் போகவேண்டும்.

சி.ரி. ஸ்கான்: திடீர் வயிற்றுவலி, குடல் அடைப்பு, சீழ்க்கட்டி ஆகியவற்றை விரைவாகக் காட்டும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஊசிமூலம் அயடீன் கலந்த மருந்து ஏற்றும்போது உடல் முழுவதும் சூடு பரவும். சிறுநீர் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும். பயப்பட வேண்டாம், அது ஒரு நிமிடத்தில் மாறிவிடும். இதில் கதிர்வீச்சு உண்டு. ஆகவே காரணமில்லாமல் திரும்பத் திரும்ப எடுப்பதில்லை.

எம்.ஆர்.ஐ.: காந்தத்தால் எடுக்கப்படுவது, கதிர்வீச்சு இல்லை. சிறுகுடலில் குரோன்ஸ் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க உதவும். முதலில் ஒரு லீற்றர் அளவு திரவத்தைக் குடிக்கத் தருவார்கள். பின்னர் சத்தம் கூடிய குழாய்க்குள் அரை மணி நேரம் அல்லது அதற்கு மேல் அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

கொலனோஸ்கோப்பி: இது ஸ்கான் அல்ல, கமெராக் குழாயால் பெருங்குடலை உள்ளே பார்ப்பது. சிறிய கட்டிகளை அங்கேயே அகற்றவும், சதைத்துண்டு எடுக்கவும் இதனால்தான் முடியும். ஸ்கான் சரியென்று வந்தாலும் இரத்தம் போய்க்கொண்டிருந்தால் இது தேவைப்படலாம்.

கியூபெக்கில் கொலனோஸ்கோப்பி விண்ணப்பத்தில் வைத்தியர் ஒரு முன்னுரிமை எண்ணைக் குறிக்கவேண்டும். 2 என்றால் 14 நாட்களுக்குள், 3 என்றால் 60 நாட்களுக்குள், 4 என்றால் 6 மாதங்களுக்குள் என்பது இலக்கு. "கொஞ்சம் வயிற்றுக் கோளாறு" என்று சொல்பவருக்கும், "இரண்டு மாதமாக இரத்தம் போகிறது, 6 கிலோ மெலிந்துவிட்டேன்" என்று சொல்பவருக்கும் ஒரே எண் கிடைக்காது. வெட்கப்பட்டு மறைத்தால் வரிசையில் பின்னுக்குப் போவது நீங்கள்தான்.

உடம்பில் உலோகம் உள்ளவர்கள்

1896 பெப்ரவரியில், எக்ஸ்-றே கண்டுபிடிக்கப்பட்டுச் சில மாதங்களுக்குள்ளேயே, எங்கள் மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் கொக்ஸ், துப்பாக்கிச் சூடு பட்ட ஒருவரின் காலைப் படம் பிடித்தார். 45 நிமிடங்கள் எடுத்த அந்தப் படத்தில், காலுக்குள் இருந்த குண்டு தெரிந்தது. இன்று எங்களில் எத்தனையோ பேர் இப்படியான உலோகத்தைச் சுமந்துகொண்டுதான் இந்த நகரத்தில் வாழ்கிறோம். செல் துண்டு, சன்னம், விமானக் குண்டின் சிதறல்.

எம்.ஆர்.ஐ. காந்தம் சில உலோகங்களை இழுக்கும், சூடாக்கும். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய்களுக்கு அருகில் இருந்தால் ஆபத்து. எல்லாத் துண்டுகளும் ஆபத்தானவை அல்ல. முதலில் எக்ஸ்-றே எடுத்துப் பார்த்து முடிவு செய்வார்கள், அல்லது வேறு பரிசோதனைக்கு மாற்றுவார்கள். ஆனால் கேள்விப் பத்திரத்தில் "உடலில் உலோகம் உண்டா?" என்ற இடத்தில் "இல்லை" என்று போட்டுவிட்டால் அவர்களால் எதுவும் செய்யமுடியாது.

ஏன் மறைக்கிறோம் என்பது எனக்குத் தெரியும். நானும் அகதியாக வந்தவன்தான். எப்படிக் காயப்பட்டாய் என்று குடிவரவு அதிகாரி கேட்பாரோ என்ற பயம். 1975இல் நிறைவேறிய கியூபெக் மனித உரிமைகள் சாசனத்தின் 9ஆம் பிரிவு, தொழில்முறை இரகசியத்தை உங்கள் உரிமையாகவே ஏற்றிருக்கிறது. யார் சுட்டது, ஏன் சுட்டது என்பது ஸ்கான் எடுப்பவருக்குத் தேவையில்லை. உலோகம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே தேவை.

இவற்றையும் சொல்லுங்கள்

- சலரோகத்துக்கு மெற்போமின் எடுத்தால், சிறுநீரக நோய் இருந்தால். குளிசையை நீங்களாக நிறுத்தவேண்டாம்; கேட்டுச் செய்யுங்கள்.
- முன்னர் ஸ்கான் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால்.
- கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால்.
- இரத்தத்தை இளக்கும் மருந்து, இரும்புக் குளிசை எடுத்தால்.

தாலிக்கொடி, தோடு, மூக்குத்தி, காப்பு ஆகியவற்றைக் கழற்றச் சொல்வார்கள். மனம் ஒப்பாதவர்கள் வீட்டிலேயே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு போகலாம். பெண் ஊழியர் வேண்டுமானால் நேரம் பதியும்போதே கேளுங்கள். மகனை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகும் தாய், மகனுக்கு முன்னால் மலவாசல் இரத்தத்தைப் பற்றிப் பேசமாட்டார். வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளர் ஒழுங்கு செய்யமுடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

குடலைச் சுத்தம் செய்யும் மருந்து தந்தால் முழுவதையும் குடியுங்கள். அதற்கு முந்திய சில நாட்களில் குத்தரிசி, கீரை, பருப்பு வகை, விதையுள்ள கத்தரி, தக்காளி வேண்டாம். வெள்ளைச் சோறு, முட்டை, மீன் போதும். முதல் நாள் தெளிந்த திரவம் மட்டும்: பால் சேர்க்காத தேநீர், அப்பிள் சாறு, வடித்த சூப். சிவப்பு நிறப் பானம் கூடாது. அது இரத்தம்போலத் தோன்றும்.

செலவும் முடிவும்

வைத்தியசாலையில் எடுக்கும் பரிசோதனைகளுக்குக் கியூபெக் மருத்துவக் காப்புறுதி அட்டை போதும். 2016 டிசம்பர் முதல் கதிரியக்க வைத்தியரின் தனியார் நிலையத்தில் எடுக்கும் அல்ட்ராசவுண்டும் அதில் அடங்கும். தனியாரிடம் எடுக்கும் சி.ரி.க்கும் எம்.ஆர்.ஐ.க்கும் காசு கட்டவேண்டும்.

ஸ்கான் எடுப்பவரிடம் முடிவைக் கேட்கவேண்டாம். படத்தை வாசிப்பவர் கதிரியக்க வைத்தியர். அறிக்கை உங்கள் வைத்தியருக்குப் போகும். அழைப்பு வராவிட்டால் நல்ல செய்தி என்று எண்ணியிராமல், இரண்டு வாரத்தில் நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை: கடுமையான வயிற்றுவலியுடன் வாந்தி, வயிறு ஊதிக் காற்றும் பிரியாமை, நிறைய இரத்தம் அல்லது தார்போன்ற கறுப்பு மலம், மயக்கம். இவற்றுக்கு ஸ்கான் திகதியைப் பார்த்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 911 அழையுங்கள். போகலாமா விடலாமா என்ற சந்தேகத்துக்கு 811இல் தாதியிடம் கேட்கலாம்.