பிள்ளை பிறந்த வீட்டில் தகப்பனுக்கும் வேலை உண்டு

பேறுகாலத்தில் தாய்க்கு விடுமுறையும் பணமும் கொடுக்க வேண்டும் என்பது எமது நாட்டில் எல்லோரும் அறிந்த விடயம். அதற்கான கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் அந்தத் தாயின் பக்கத்தில் நிற்க வேண்டிய தகப்பனுக்கு என்ன உரிமை உண்டு என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. "அப்படியொரு லீவு சட்டத்தில் இல்லை" என்று முதலாளி சொல்வார். ஊழியரும் நம்பிவிடுவார். முதலாளி சொல்வதில் பாதி உண்மை. மற்றப் பாதியை அறிந்துகொள்வதற்காகவே இக்கட்டுரை.

தகப்பன் ஏன் தேவை?

முன்னைய நாட்களில் தலைப்பிரசவம் என்றால் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துச் செல்வார்கள். காயம் அரைக்க ஒருவர், பத்தியக் கறி வைக்க ஒருவர், பிள்ளையைக் குளிப்பாட்ட ஒருவர் என்று 31ஆம் நாள் துடக்குக் கழியும் வரை வீடு நிறையப் பெண்கள் நின்றார்கள். தகப்பன் வாசலில் நின்றாலே போதுமானதாக இருந்தது.

இன்று நல்லூரிலும் அயற்கிராமங்களிலும் அந்த நிலை பல வீடுகளில் இல்லை. போரும் இடப்பெயர்வும் வெளிநாட்டுப் பயணங்களும் குடும்பங்களைச் சிதறடித்துவிட்டன. தாய் கனடாவில், தமக்கை பிரான்சில், சின்னம்மா வவுனியாவில் என்றால், பிள்ளைப்பெறுவுக்கு உதவியாக வீட்டில் மிஞ்சுவது கணவன் ஒருவர்தான். வைத்தியசாலைக்குச் சாப்பாடு கொண்டுபோவதும், மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், பிறப்புப் பதிவுக்கு அலைவதும் அவர் தலையில்தான்.

இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. பிரசவத்துக்குப் பிந்திய முதல் நாளும் முதல் வாரமும் தாய்க்கு ஆபத்துக் கூடிய காலம். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். ஆனால் அவர் வந்துபோன பின் மிகுதி நேரம் முழுவதும் கவனிக்க வேண்டியவர்கள் வீட்டார்தான். அளவுக்கு மிஞ்சிய இரத்தப்போக்கு, காய்ச்சல், கடுமையான தலையிடி, பார்வை மங்குதல், பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றைக் கண்டால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நடுச்சாமத்தில் வாகனம் பிடிக்க ஓர் ஆள் வீட்டில் இருப்பது தாயின் உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசாங்க உத்தியோகத்தர் ஒருவருக்குப் பிள்ளை பிறந்தால் மூன்று நாள் தந்தைமை விடுமுறை உண்டு. தனியார் துறையில் வேலை செய்பவருக்கு அந்தப் பெயரில் எந்த விடுமுறையையும் இலங்கைச் சட்டம் கொடுக்கவில்லை. முதலாளி சொல்லும் பாதி உண்மை இதுதான்.

மறுபாதி, 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் இருக்கிறது. புடைவைக் கடை, பலசரக்குக் கடை, சாப்பாட்டுக் கடை, தனியார் அலுவலகம் முதலிய இடங்களில் வேலை செய்வோருக்கு அது சம்பளத்துடன் இருவகை விடுமுறைகளைக் கொடுக்கிறது.

முதலாவது, தற்செயல் விடுமுறை. வருடத்துக்கு ஏழு நாட்கள். சொந்த அலுவல், சுகவீனம், நியாயமான வேறு காரணம் ஆகியவற்றுக்காக இதை எடுக்கலாம். மனைவியின் பிரசவத்தைவிட நியாயமான காரணம் வேறு எது? வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் இரண்டு மாதச் சேவைக்கு ஒரு நாள் என்று கணக்கு.

இரண்டாவது, ஆண்டு விடுமுறை. முழு அளவு 14 நாட்கள். ஒருவர் வேலைக்குச் சேர்ந்த வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து இது கிடைக்கும். முதல் முறை கிடைக்கும் நாட்கள் சேர்ந்த மாதத்தைப் பொறுத்தவை. தை முதல் பங்குனி வரை சேர்ந்தவருக்கு 14, சித்திரை முதல் ஆனி வரை 10, ஆடி முதல் புரட்டாதி வரை 7, அதன் பின் சேர்ந்தவருக்கு 4.

கடந்த வருடம் மாசி மாதம் கடையில் சேர்ந்த ஒருவருக்கு இந்த வருடம் ஆவணியில் பிள்ளை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேறு எதற்கும் லீவு எடுக்காதிருந்தால் அவர் கையில் 21 நாட்கள் இருக்கும். ஆகவே மனைவி கர்ப்பமானது தெரிந்த நாளிலிருந்தே லீவைச் சேமிப்பது புத்தி. சம்பள நிர்ணய சபைகளின் கீழ் வரும் தொழில்களில் கணக்கு வேறு. அங்கு வேலை செய்வோர் தொழில் அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது.

முதலாளி மறுத்தால்?

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாட்கள். சுற்றுவட்டாரக் கடைகளுக்கு வருடத்தின் பெரிய வியாபாரம் அப்போதுதான். அந்த நேரத்தில் ஓர் இளைஞன் போய், "ஐயா, மனுசிக்கு வாற பத்தாந் திகதி நாள் குடுத்திருக்கினம். ஒரு கிழமை லீவு வேணும்" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "தம்பி, திருவிழா நேரம் கடையை ஆர் பாக்கிறது? பிள்ளை பெறப்போறது நீயோ, மனுசியோ?"

மூன்று பேரை வைத்துக் கடை நடத்தும் முதலாளியின் கஷ்டமும் பொய்யல்ல. அதனால்தான் முன்கூட்டிச் சொல்வது அவசியம். நாள் நெருங்கிய பின் கேட்பவரைவிட மூன்று மாதம் முன்னரே கேட்பவருக்கு லீவு கிடைப்பது சுலபம். உடன் வேலை செய்பவரோடு முறை மாறிக்கொள்வது, லீவை இரண்டாகப் பிரித்து எடுப்பது போன்ற வழிகளையும் பேசிப் பார்க்கலாம். அதற்கும் இணங்காவிட்டால் செய்ய வேண்டியவை இவை:

1. நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். சட்டத்திலுள்ளதைவிடக் கூடுதலான லீவு அதில் இருக்கலாம். கடிதமே தரப்படாவிட்டால் சம்பளத் துண்டும் ஊழியர் சேமலாப நிதிப் பதிவும் நீங்கள் அங்கு வேலை செய்வதற்கு அத்தாட்சி.

2. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள். கிளினிக் அட்டையில் குறித்த பிரசவத் திகதியின் பிரதியை இணையுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும். கையில் வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

3. சொல்லாமல் வீட்டில் நிற்க வேண்டாம். தானாகவே வேலையை விட்டுப் போய்விட்டார் என்று வாதிட அது இடம் கொடுக்கும். பிரசவம் முந்தினாலும் பிந்தினாலும் உடனே அறிவித்து, அறிவித்ததற்குச் சான்று வைத்திருங்கள்.

4. உரிய லீவை மறுத்தாலோ சம்பளத்தை வெட்டினாலோ தொழில் அலுவலகத்தில் முறையிடுங்கள். இரு பகுதியாரையும் அழைத்து விசாரிப்பார்கள். அநேக பிணக்குகள் அங்கேயே தீரக்கூடியவை.

5. வேலையால் நிறுத்தினால், நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபையில் விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் தவணையைத் தவற விடாதீர்கள்.

அயல்நாட்டில் நடந்தவை

எழுத்திலுள்ள சான்று எவ்வளவு பெறுமதியானது என்பதற்குத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று உதாரணம். தென்காசி மாவட்டம் கடையத்தில் காவல் ஆய்வாளர் ஒருவர் மனைவியின் பிரசவத்துக்காக 2023 மே மாதம் முதலாந் திகதியிலிருந்து 90 நாள் விடுமுறை கேட்டார். முதலில் கொடுத்தார்கள். பின்னர் சட்டம், ஒழுங்கு நிலைமையைக் காட்டி இரத்துச் செய்தார்கள். அவர் நீதிமன்றம் போன பின் 30 நாட்கள் கிடைத்தன. அவை முடிந்த மறுநாள்தான் குழந்தை பிறந்தது. அவர் அன்று வேலைக்குத் திரும்பாததைக் கடமையைக் கைவிட்டதாக மேலிடம் கருதியது. அந்த உத்தரவைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி எல். விக்டோரியா கௌரி 2023 ஆகஸ்டில் இரத்துச் செய்தார். தந்தைமை விடுமுறைக்குத் தனிச் சட்டம் தேவை என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

டெல்லியில் தனியார் பாடசாலை ஆசிரியர் ஒருவர், லீவு எடுத்ததற்காகச் சம்பளம் வெட்டப்பட்டு வழக்குப் போட்டு, 2009இல் வென்றார். தனியார் பாடசாலை ஊழியருக்கு அரசுப் பாடசாலை ஊழியரைவிடக் குறைந்த சலுகை கொடுக்கக்கூடாது என்ற சட்டம் அங்கு இருந்தது. எமது நாட்டில் கடை ஊழியரை அரசாங்க உத்தியோகத்தருடன் அப்படிச் சமப்படுத்தும் சட்டம் இல்லை.

இல்லாததைக் கேட்க வேண்டும்

கேட்டால் சட்டம் மாறும். முன்னர் மூன்றாவது பிள்ளைக்குத் தாய்க்கே 42 நாட்கள்தான் கிடைத்தன. பலகாலம் குரல் கொடுத்த பின் 2018இல்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் 84 நாட்கள் என்று சட்டம் திருத்தப்பட்டது. தகப்பனுக்கான கோரிக்கையையும் அப்படியே முன்வைக்கலாம். ஏழு ஊழியர்கள் சேர்ந்தால் தொழிற்சங்கம் அமைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. தனி ஒருவர் கேட்கப் பயப்படுவதை ஏழு பேர் சேர்ந்து கேட்கலாம்.

கூலிக்கு மேசன் வேலை செய்பவருக்கும், தோட்டத்தில் கொத்துபவருக்கும், கடலுக்குப் போகிறவருக்கும் எந்த லீவுச் சட்டமும் எட்டாது. ஒரு நாள் நின்றால் ஒரு நாள் உழைப்புப் போகும். அவர்களுக்காகக் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் சிறு பேறுகால நிதி ஒன்றை ஆரம்பிக்கலாம். பிள்ளை பிறந்த வீட்டுக்கு ஒரு வாரக் கூலியைக் கைமாற்றாகக் கொடுத்தாலும் பேருதவி. மேலே சொன்ன லீவுக் கணக்கை ஒரு தாளில் எழுதிச் சனசமூக நிலையச் சுவரில் ஒட்டுவதற்குச் செலவு ஏதும் இல்லை. பத்திரிகை படிக்க வரும் முதலாளியும் தொழிலாளியும் அதைப் படிக்கட்டும். அடுத்த திருவிழாவுக்கு முன்னரே இவற்றைச் செய்துவிடலாம்.