பண்டிகைக் காலமும் பெற்றோரின் மன அமைதியும்

டிசம்பர் பிறந்ததும் பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் ஒளிரத் தொடங்குகின்றன. அச்சு முறுக்கு, கலகலா, கேக், புத்தாடை, உறவினர் வருகை என வேலைகள் பெருகுகின்றன; அலுவலகப் பணியோ குறைவதில்லை. பணிக்குச் செல்லும் பெற்றோருக்கு இக்காலம் மகிழ்ச்சியோடு மனச்சுமையையும் தருவதை நாம் அறிவோம்.

செலவுகள் யாவும் ஒரே மாதத்தில் வந்து சேர்வது இச்சுமைக்கு ஒரு காரணம். இந்த டிசம்பரிலேயே மாதம் 1,000 ரூபாய் வீதம் 12 மாதத் தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கினால், அடுத்த டிசம்பரில் 12,000 ரூபாயும் அதற்குரிய வட்டியும் கைக்கு வரும். சேமிப்புக் கணக்கிலிருந்து தவணை தானாகவே செல்லுமாறு கிளையில் எழுதிக் கொடுத்துவிடலாம். கடன் அட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தினால், மீதிக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதையும் நினைவிற் கொள்வோம்.

வாங்கவேண்டியவற்றின் பட்டியலையும் செலவின் எல்லையையும் பிள்ளைகளுடன் அமர்ந்தே முடிவு செய்வோம். கடையில் பிடிவாதம் குறையும். கலகலா மாவைச் சீப்பில் அழுத்திச் சுருட்டும் வேலையை அவர்களிடமே ஒப்படைக்கலாம். எல்லாப் பலகாரங்களையும் வீட்டிலேயே செய்யவேண்டும் என்பதில்லை. ஒன்றிரண்டைக் கடையில் வாங்கினாலும் பண்டிகை பண்டிகையே. மிஞ்சும் ஒரு மாலைப் பொழுதில் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு, ரிச்சர்ட்ஸ் பூங்காவில் பிள்ளைகளுடன் நடந்து வருவோம்.