டிஃபனியின் கண்ணாடியைக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

முதல்லயே சொல்லிடறேன், இது டிபன் பற்றிய கட்டுரை இல்லை. லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி (1848–1933) நியூயார்க் கலைஞர். நகைக்கடை 'டிஃபனி அண்ட் கோ'வை ஆரம்பித்தவர்களில் ஒருவரான சார்லஸ் டிஃபனியின் மகன். அப்பா கடையில் உட்காராமல் ஓவியம் படிக்கப் போய், அங்கிருந்து வண்ணக் கண்ணாடிக்கு வந்தவர். அமெரிக்கப் பள்ளிகளில் ஆர்ட் வகுப்பு என்றால் இவருடைய தும்பி விளக்கும் பூ ஜன்னலும் அடிக்கடி வரும். நீங்களும் குழந்தைகளுக்கு வாரக்கடைசியில் ஏதாவது சொல்லித்தரப் போகிறவராக இருந்தால், இது நல்ல பாடம்.

ஆனா வழக்கமா என்ன நடக்கும்? தடித்த கறுப்புக் கோட்டில் பிரிண்ட் எடுத்த ஒரு தும்பி படம், ஒரு பாக்கெட் க்ரேயான், "கோட்டுக்கு வெளிய போகாம அடிங்க". இது கலரிங் புக் தான். டிஃபனியிடம் இருக்கிற சுவாரசியமான மூன்று விஷயமும் இதில் கழன்று விழுந்துவிடுகிறது. நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது, கோட்டுக்கு ஒரு வேலை இருக்கிறது, வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது.

ஐரோப்பாவின் பழைய தேவாலய ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடித் துண்டுகள் மேல் முகம், துணி மடிப்பு எல்லாம் கறுப்பு மையால் வரைந்து சூளையில் சுடுவார்கள். டிஃபனி அந்த வரைதலை முடிந்தவரை குறைத்தார். பால் மாதிரி மங்கலாக, இரண்டு மூன்று நிறம் சுழன்று கலந்த கண்ணாடியை எடுத்துக்கொண்டார். துணி மடிப்பு வேண்டுமா? கண்ணாடி சூடாக இளகியிருக்கும்போதே தள்ளி, முறுக்கி, நிஜமாகவே மடிப்பு விழ வைத்தார்கள். தூரத்து இலைகள் வேண்டுமா? வேறு நிறச் சிதறல்களைத் தகட்டுக்குள்ளேயே பதித்தார்கள். முகத்துக்கும் கைக்கும் மட்டும் பெயிண்ட்.

அதனால் குழந்தைகள் கையில் முதலில் படத்தைக் கொடுக்காதீங்க. முதல்ல 'கண்ணாடி' செய்யட்டும். மெல்லிய வெள்ளை டிஷ்யூ பேப்பரில் வாட்டர் கலரைச் சொட்டு சொட்டாக விட்டால் தானாகப் பரவி ஒன்றோடொன்று கலக்கும். காயும்போது சுருக்கமும் விழும், அதைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டாம். காய்ந்த பிறகு ஒரு அட்டையில் இலை வடிவில் ஓட்டை போட்டுக் கொடுங்க. அந்த ஓட்டையைத் தாள் மேல் நகர்த்தி, "இதுல இலை எங்க ஒளிஞ்சிருக்கு?" என்று தேடச் சொல்லுங்க. பச்சை தான் எடுக்கணும் என்று இல்லை. மஞ்சளில் லேசாகப் பச்சை கசிந்த இடம்தான் வெயில் பட்ட இலை. நிஜப் பட்டறையிலும் இந்தத் தேர்வுதான் பெரிய வேலை.

அந்த வேலையைச் செய்தது யார் தெரியுமா? பெரும்பாலும் பெண்கள். கிளாரா டிரிஸ்கால் என்பவர் டிஃபனி பட்டறையின் பெண்கள் கண்ணாடி வெட்டும் பிரிவுக்குத் தலைமை வகித்தார். தும்பி விளக்கு, விஸ்டேரியா விளக்கு எல்லாம் அவர் வடிவமைப்பு. விஸ்டேரியா ஒன்றுக்கு மட்டும் கிட்டத்தட்ட 2,000 கண்ணாடித் துண்டுகள். ஆனால் பெயர் என்னவோ முதலாளி பெயர்தான். கல்யாணமான பெண்களுக்கு அங்கே வேலை கிடையாது என்ற விதி வேறு. கிளாரா வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்து, 2007-இல் நியூயார்க்கில் கண்காட்சி வைத்த பிறகுதான் உலகத்துக்கு இது பரவலாகத் தெரிந்தது. வகுப்பில் இதை இரண்டே நிமிஷத்தில் சொல்லலாம். தயவுசெய்து விட்டுவிடாதீங்க.

இப்போ கோடு. நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்கிற பகுதி. கண்ணாடியைக் கத்தரிக்கோலால் வெட்ட முடியாது. மேலே ஒரு கீறல் போட்டு ஒடிக்க வேண்டும். கீறல் உள்பக்கமாக ஆழமாக வளைந்தாலோ, 'ட' மாதிரி மூலை வந்தாலோ, அந்த மூலையிலிருந்து விரிசல் தன் இஷ்டத்துக்கு ஓடிவிடும். ஸ்ட்ரெஸ் கான்சன்ட்ரேஷன் தான், வேறென்ன. அதோடு, பாதி வழியில் நிற்கிற வெட்டு என்று ஒன்று கண்ணாடியில் கிடையாது. ஒவ்வொரு கோடும் இன்னொரு கோட்டிலோ ஓரத்திலோ போய் முட்ட வேண்டும்.

குழந்தைகளுக்கு இதை விதியாகச் சொன்னால் கொட்டாவி விடும். விளையாட்டாக்குங்க. காகிதத்தின் நடுவில் ஒரு சூரியன் வரையச் சொல்லுங்க. வட்டத்தைச் சுற்றி இருக்கிற வானம் ஒரே துண்டு, நடுவில் பெரிய ஓட்டை. "இதைக் கண்ணாடியில ஒடிக்க முடியுமா?" முடியாது. என்ன செய்யலாம்? யாராவது ஒரு குழந்தை கதிர் வரையும். கதிர்கள் ஓரம் வரை நீண்டதும் வானம் துண்டு துண்டாகிவிடும், பிரச்சினை தீர்ந்தது! டிஃபனி ஜன்னல்களில் மரக்கிளையும் கொடியும் தண்டும் செய்வது இதே வேலைதான். அழகுக்காக இருக்கிற மாதிரி தெரியும், உண்மையில் அவைதான் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

பிடித்துக்கொள்வதற்கு ஜன்னல்களில் 'எச்' வடிவக் குறுக்குவெட்டு கொண்ட ஈயப் பட்டை. விளக்குகளுக்கு அது தடிமன் அதிகம். அதனால் ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் மெல்லிய செம்புத் தகட்டைச் சுற்றி, பக்கத்துத் துண்டோடு சால்டர் செய்தார்கள். நம்ம எலக்ட்ரானிக்ஸ் லேப் சால்டரிங்கின் அண்ணன். கோடு மெலிந்தது, விளக்கின் கவிழ்ந்த வளைவும் சாத்தியமாயிற்று. ஆர்வக்கோளாறில் லேப் சால்டரை எடுத்துக்கொண்டு குழந்தைகளிடம் போயிடாதீங்க, அதில் ஈயம் இருக்கலாம். நிஜக் கண்ணாடியும் வேண்டாம். ஓ.எச்.பி. ஷீட்டில் டிஷ்யூ துண்டுகளைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலால் ஒட்டி, கெட்டி ஃபெவிகாலில் கறுப்புப் பெயிண்ட் கலந்து மெஹந்தி கோன் மாதிரி ஒரு கோனில் நிரப்பி, கோட்டைப் பிழிந்தால் போதும். ஆறு ஏழு வயதுக் குழந்தைகளுக்குக் கோனைவிடக் கறுப்பு சார்ட் பட்டைகள் சுலபம்.

வேலை நடக்கும்போது மேஜை மேல் அது சுமாராகத்தான் இருக்கும். "நல்லாவே வரல" என்று சிலர் கசக்கிப் போடப் பார்ப்பார்கள். கசக்கறதுக்கு முன்னாடி ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்க. டியூப் லைட் மேலிருந்து அடிக்கும்போது செத்துக்கிடந்த நிறம், பின்னாலிருந்து வெயில் பட்டதும் வேறு ஆளாகிவிடும். ஒரு ராத்திரி படுக்கை வாக்கில் காயவிட்டு, மறுநாள் காலையில் கிழக்கு ஜன்னலில் செலோடேப் போட்டு ஒட்டுங்க. விளக்குதான் வேணும் என்றால் ஷீட்டை உருளையாகச் சுருட்டி உள்ளே சின்ன எல்.இ.டி. வைக்கலாம். குண்டு பல்பு வேண்டாம், சூட்டில் ஷீட் நெளிந்துவிடும்.