குறைந்த சிரமத்தில் நிறைவான சாப்பாடு

உடல் பருத்த பெண்ணைக் கண்டால் "அவளுக்கென்ன, நல்லாய்ச் சாப்பிடுகிறாள்" என்று ஊரார் சொல்வதுண்டு. பல வேளைகளில் இது உண்மையல்ல. காலையில் சீனி போட்ட வெறுந்தேநீர், எல்லோரும் சாப்பிட்டு முடிந்தபின் மூன்று மணிக்கு எஞ்சிய சோறும் சொதியும், இரவில் பாண் என்று நாளைக் கடத்தும் பெண்ணுக்கு வயிறு நிறைகிறது. ஆனால் புரதமும் இரும்புச்சத்தும் கிடைப்பதில்லை. அதனால் உடற்பருமனும் இரத்தச்சோகையும் ஒரே உடலில் குடியிருக்கின்றன. நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் பின்னால் வருகின்றன.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. இடம்பெயர்ந்த காலங்களில் நிவாரணமாகக் கிடைத்தவை அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு, எண்ணெய் என்பனவே. முகாமில் மரக்கறித் தோட்டமோ முருங்கை வேலியோ இருக்கவில்லை. 2009இல் யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய பின்னரும் மா ரொட்டியும் சீனித் தேநீரும் பலரது வீடுகளில் நிலைத்துவிட்டன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் முட்டையும் மீனும் மேலும் எட்டாமற் போயின. குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணுக்குத் தனக்கென்று வேறாகச் சமைக்க நேரமும் இல்லை, விறகும் இல்லை. எனவே செலவும் சிரமமும் கூடாத வழிகளையே இங்கு பார்ப்போம்.

கலோரி எங்கே ஒளிந்திருக்கிறது?

உணவு தரும் சக்தியை அளப்பதே கலோரி. மிதமாக வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1800 முதல் 2000 கலோரி வரை போதும். ஒரு தேக்கரண்டி சீனியில் சுமார் 20 கலோரி உண்டு. இரண்டு கரண்டி சீனியோடு நாளுக்கு ஐந்து தேநீர் குடித்தால் 200 கலோரி சேர்ந்துவிடும். இது ஒரு கோப்பைச் சோற்றுக்குச் சமன். ஆனால் சோற்றைப்போல் அது பசியைத் தணிக்காது. சீனியை நாளுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் வைத்திருக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஆலோசனை கூறியது. மேலே சொன்ன ஐந்து தேநீரிலேயே 50 கிராம் முடிந்துவிடுகிறது.

ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். இந்த வாரம் ஒன்றரைக் கரண்டி, அடுத்த வாரம் ஒரு கரண்டி என்று குறையுங்கள். நாக்கு பழகிவிடும். ஒரு சிறு துண்டு பனங்கட்டியைக் கடித்துக் கொண்டும் குடிக்கலாம். ஆனால் பனங்கட்டியும் சீனிதான், அளவு முக்கியம்.

அடுத்தது எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி உண்டு. கத்தரிக்காயைப் பொரித்துக் குழம்பு வைப்பதற்குப் பதிலாக நேரே குழம்பில் போட்டு அவிக்கலாம். சொதிக்கு முதற்பாலைக் குறைத்து இரண்டாம் பாலைச் சேர்க்கலாம். எண்ணெயும் மிஞ்சும், விறகும் மிஞ்சும்.

தட்டை மூன்றாகப் பிரியுங்கள்

நிறுத்துப் பார்க்கத் தராசு தேவையில்லை. தட்டின் பாதியில் கீரை வறை, மரக்கறி, சம்பல் வகை. கால் பங்கில் சோறு அல்லது பிட்டு. மற்றக் கால் பங்கில் பருப்பு, பயறு, மீன், முட்டை இவற்றில் ஒன்று. முதலில் மரக்கறியைப் போட்டுவிட்டுப் பிறகு சோற்றைப் போட்டால் அளவு தானாகக் குறையும். தவிடு நீக்காத சிவப்பரிசி கிடைத்தால் இன்னும் நல்லது.

சிரமமில்லாத நான்கு சாப்பாடு

இலைக்கஞ்சி: ஒரு கைப்பிடி சிவப்பரிசியைக் குழைய அவித்து, வல்லாரை அல்லது முசுட்டை இலையை இடித்துப் பிழிந்த சாற்றை விட்டு, ஒரு கொதியில் இறக்குங்கள். சிறிது உப்பும் தேசிப்புளியும் போதும்.

அவித்த பயறு: இரவில் ஊறவிட்டால் காலையில் விரைவில் அவிந்துவிடும். வெங்காயம், பச்சை மிளகாய், சிறிது தேங்காய்ப்பூ சேருங்கள். கௌப்பி, கடலையையும் இப்படியே செய்யலாம்.

கீரைப் பிட்டு: மாவைக் குழைத்தபின் அதன் பங்குக்குச் சமனாக நறுக்கிய கீரை அல்லது முருங்கையிலையைக் கலந்து அவியுங்கள். மா பாதியாகும், வேறு கறியும் அதிகம் தேவைப்படாது.

ஒரே சட்டிச் சோறு: அரிசி, பருப்பு, பூசணி, கீரை, கழுவிய நெத்தலி எல்லாவற்றையும் ஒன்றாக அவியுங்கள். நெத்தலியை முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் கிடைக்கும். கருவாடாயின் வேறு உப்புப் போட வேண்டாம்.

நடமாட்டம் குறைந்த சகோதரிகளுக்கு

யுத்தத்தில் காலை இழந்தவர்கள், முள்ளந்தண்டில் காயம் பட்டவர்கள் அதிகம் நடக்க முடியாததால் அவர்களுக்குத் தேவையான கலோரியும் குறைவு. உடல் பருத்தாலும் மெலிந்தாலும் செயற்கைக் காலின் கிண்ணம் பொருந்தாமல் உராய்ந்து புண்ணாக்கும். எனவே இவர்கள் எடையை ஒரே அளவில் வைத்திருப்பது நடப்பதற்கே அவசியம். மேலே சொன்னவற்றுக்கு இலை ஆய்வதையும் நறுக்குவதையும் இருந்தபடியே செய்யலாம்.

கவனிக்க வேண்டியவை

நீரிழிவுக்குக் குளிசை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது. இரத்தத்தில் சீனி திடீரென இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். உணவை மாற்றுமுன் வைத்தியரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் மெலிவதற்காக உணவைக் குறைக்க வேண்டாம். அவர்களுக்குத் தரப்படும் திரிபோஷா அவர்களுக்கே உரியது. அதை வீட்டாருக்குப் பங்கிட்டுவிட்டுத் தாய் வெறுந்தேநீரோடு இருப்பது சரியல்ல. 35 வயதைக் கடந்தவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய்ச் சீனியையும் குருதி அமுக்கத்தையும் சோதித்துக் கொள்ளுங்கள். விபரத்தைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டறியலாம்.

துக்கத்தாலும் தனிமையாலும் சாப்பிட மனமில்லாமல் தேநீரோடு நாளைப் போக்குபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் அயலில் இருந்தால், வாரத்தில் ஒரு நாளாவது கஞ்சி காய்ச்சி அவரோடு சேர்ந்து குடியுங்கள். உங்கள் வீட்டிலோ, பிள்ளைகளுக்குப் போடும்போதே உங்கள் தட்டிலும் போட்டு அவர்களோடு இருந்து சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்காகவே வாழ்கிறேன் என்று சொல்லும் தாய்க்கு, அவர்கள் வளரும்வரை நல்ல உடல்நலத்தோடு இருக்க வேண்டிய கடமையும் உண்டு. அதற்கான முதல் வேலை, இன்றைய தேநீரில் அரைக் கரண்டி சீனியைக் குறைப்பதுதான்.