கண்ணு மங்குனா வயசு மட்டும்தான் காரணமா?



கடையம் பக்கத்தில் பீடி சுற்றும் நம் அக்காமார்கள் நாற்பது, நாற்பத்தஞ்சு வயசானதும் சொல்கிற பேச்சு ஒன்று உண்டு. “நூல் முடிச்சு தெரிய மாட்டேங்கு, வயசாயிட்டுல்லா!” பாதி நேரம் அது சரிதான். வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும், கண்ணாடி போட்டால் தீரும். ஆனால் சுகர் இருக்கிறவர்கள் வயசு மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

நம் வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. அதில் சுரக்கும் ஹார்மோன்தான் இன்சுலின். ஹார்மோன் என்றால் ரத்தத்தில் போய் மற்ற உறுப்புகளுக்குச் சேதி சொல்லும் பொருள். 1921-ல் கனடாவில் டொரண்டோ நகரத்தில் இதைப் பிரித்தெடுத்தார்கள். சாப்பாட்டில் இருந்து வரும் சர்க்கரையை இறக்கி வைக்கும் லோடுமேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். லோடுமேன் வரவில்லை, அல்லது வந்தும் வேலை ஓடவில்லை என்றால் லாரி தெருவிலேயே நிற்கும். அப்படி ரத்தத்திலேயே தங்கும் சர்க்கரை, மெல்லிய ரத்தக்குழாய்களைத்தான் முதலில் கெடுக்கும். அந்த மாதிரிக் குழாய்கள் கண்ணுக்குள் நிறைய.

கண்ணின் பின்பக்கம் விழித்திரை இருக்கிறது. பார்க்கிற காட்சி விழுகிற இடம் அது. அங்கே குழாய்கள் கசியும், வீங்கும். முற்றினால் புதுசாக நோஞ்சான் குழாய்கள் முளைத்து உடைந்து ரத்தம் கொட்டும். இதில் மோசம் என்னவென்றால், ஆரம்பத்தில் வலி கிடையாது, பார்வையும் நன்றாகவே இருக்கும். மங்கலாகத் தெரிந்து டாக்டரிடம் போகிறபோது பாதிப்பு முற்றியிருக்கலாம். லேசர், ஊசி என்று வைத்தியம் உண்டு. அது பெரும்பாலும் இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான். போன பார்வை முழுசாகத் திரும்புவது கஷ்டம்.

சுகர் இருந்தால் கண்புரையும் சீக்கிரம் வரும். புரை ஆபரேஷன் செய்தும் சரியாகத் தெரியவில்லை என்று சிலர் வருத்தப்படுவதற்கு, உள்ளே விழித்திரை ஏற்கெனவே கெட்டிருப்பதும் ஒரு காரணம்.

இன்னொன்று: சுகர் ஏறி இறங்கினால் கண்ணில் உள்ள லென்ஸ் வீங்கி, பவர் மாறும். அந்த நேரத்தில் கண்ணாடி வாங்கினால் சுகர் குறைந்ததும் அது சேராது. காசு தண்டம். சுகர் கட்டுக்கு வந்தபிறகு வாங்குங்கள்.

இன்சுலின் மட்டும்தானா? நம் உடம்பின் கொழுப்பே லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது என்பது 1994-ல்தான் தெரிந்தது. வயதான காலத்தில் விழித்திரையின் நடுப்பகுதி தேயும் நோய்க்கும் இந்த மாதிரி ஹார்மோன்களுக்கும் தொடர்பு இருக்குமா என்று ஆராய்கிறார்கள். நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகரத்து முதியவர்களைப் பல வருஷம் கவனித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், தைராய்டு ஹார்மோன் கூடுதலாக இருந்தவர்களுக்கு அந்த நோய் அதிகம் வந்தது தெரிந்தது. அதுதான் காரணம் என்று முடிவாகவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தைராய்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்!

நடுப்பகுதி தேய்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசல் நிலையைப் பாருங்கள், பிறகு மறு கண்ணால் பாருங்கள். நேரான சட்டம் வளைந்தோ, நடுவில் அழிந்தோ தெரிந்தால் தள்ளிப்போடாமல் கண் டாக்டரிடம் போகணும். திடீரென்று கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்த மாதிரி இருந்தாலோ அன்றைக்கே போகணும்.

சுகர் இருப்பவர்கள் வருஷம் ஒரு முறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடிக் கடையில் எழுத்துப் படிப்பது இந்தப் பரிசோதனை ஆகாது. திருநெல்வேலியில் 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. சொட்டு விட்டால் சில மணி நேரம் கிட்டத்தில் தெரியாது, வெயில் கூசும். அன்றைக்கு பீடி ஓடாது, ஒரு நாள் கூலி போகும். அதனால்தான் பலர் போவதில்லை என்று எங்களுக்குத் தெரியும். குழுவாகப் பேசி, வேலை குறைவான நாளாகப் பார்த்து, நாலைந்து பேராகப் போங்கள். சுகர் இல்லாத ஒருத்தர் துணைக்கு வரட்டும். கீழக்கடையத்தில் ரயில் ஏறினால் திருநெல்வேலிதான். போகும்போது சுகர், பிரஷர் சீட்டுகளையும், சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் கொண்டு போங்கள்.