பனையென்று பெயர் பெற்ற பழஞ்செடி

வெங்காயச் சந்தைக்கும் மோட்டார்த் தொழிற்சாலைகளுக்கும் பெயர் பெற்ற, புனே அருகிலுள்ள சாகணில் வீட்டுத் தோட்டம் அமைப்பவர்கள், நர்சரியில் ‘சேகோ பனை’ என்று விரும்பி வாங்கும் சைகஸ் செடி உண்மையில் பனையன்று. ‘சேகோ’ என்பது ஜவ்வரிசியைக் குறிக்கும் சொல்லாயினும், மரவள்ளியிலிருந்து எடுக்கும் நமது ஜவ்வரிசிக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஜப்பானில் கண்ட இச்செடிக்கு 1782-இல் துன்பர்க் என்ற சுவீடன் நாட்டுத் தாவர சாஸ்திரி ‘சைகஸ் ரெவொல்யூட்டா’ என்று நாமம் சூட்டினார். பனையும் தென்னையும் பூத்துக் காய்ப்பவை. சைகஸோ, பூ என்பதே உலகில் தோன்றுமுன் பிறந்து, இன்றும் பூவின்றியே விதை ஈனும் புராதன வர்க்கம். அதன் ஆண் அணு நீந்திச் சென்றே கருமுட்டையைச் சேர்கிறது என்பதை 1896-இல் இக்கெனோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி கண்டறிந்தார்.

இதை அடையாளம் காண்பது சுலபம். இளங்குருத்தின் சிற்றிலைகள் பெரணியைப் போலச் சுருண்டிருக்கும். விரிந்தபின் ஒவ்வொன்றிலும் நடுநரம்பு ஒன்றே ஓடும், கிளைநரம்புகள் இரா. ஓரங்கள் கீழ்நோக்கி மடங்கியிருக்கும். நடுநரம்பே இல்லாமல், அட்டைபோல் தடித்து, பழுப்பு ரோமம் படர்ந்திருந்தால் அது மெக்ஸிகோவின் ஜாமியா என்று அறியலாம்.

வளர்ப்பில் முதல் எச்சரிக்கை நீரைப் பற்றியது. மழைக்காலத்தில் ஈரத்தை விடாது பிடித்திருக்கும் கரிசல் மண்ணில் வேர் அழுகிவிடுமாதலால், மணலும் சரளையும் கலந்து மேடாக்கி, தண்டின் அடி புதையாமல் நட்டு, மண் உலர்ந்தபின்னரே நீர் வார்க்க வேண்டும். பவளம்போல் கிளைத்து மேலெழும் வேர்களை நோயென்று வெட்டிவிடலாகாது. அவற்றில் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசி காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகிறது. புதுக்குருத்து விடும் நாட்களில் சிறு நீல வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் அதைத் தின்று தீர்க்குமாகையால், தினந்தோறும் பார்த்துப் பொறுக்கி எறிய வேண்டும். விதை முதலாக எல்லா உறுப்புகளிலும் விஷம் உண்டு. குழந்தைகளும் நாய்களும் தீண்டாத இடமே இதற்கு உகந்தது.

சையாத்திரி மலைத்தொடரின் காடுகளிலும், நாட்டு மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்று விற்கப்படும் கூம்பைத் தரும் சைகஸ் இனம் உண்டு. அது அருகி வருகிறது. ஆதலால் காட்டிலிருந்து பெயர்த்த செடியை ஒருபோதும் வாங்காது, தாய்ச்செடியின் அடியில் முளைக்கும் கன்றையோ நர்சரியில் விதையிட்டு வளர்த்த நாற்றையோ கொண்டுவந்து பொறுமையுடன் வளர்ப்பீர்களாக.