581-க்கு எதிரே ஒரு 309

நம்ம ஊர்க் காரியவட்டம் மைதானத்தில் 2023 ஜனவரி 15 அன்று நடந்த ஒருநாள் ஆட்டம் பலருக்கும் நினைவிருக்கும். இந்தியா 390 ரன், இலங்கை 73. வித்தியாசம் 317. அதுவரை ஒருநாள் சர்வதேசப் போட்டிகளில் இவ்வளவு ரன் வித்தியாசத்தில் எந்த அணியும் வென்றதில்லை. இப்படி ஆட்டம் ஒரேயடியாக ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், "இதுல பார்க்க என்ன இருக்கு?" என்று டி.வி.யை அணைத்துவிடுகிறோம். ஆனால் தோற்ற பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்பதற்கு, 80 ஆண்டுகளுக்கு முந்தைய ஆட்டம் ஒன்று சாட்சி.

அது இரண்டாம் உலகப்போர்க் காலம். இங்கிலாந்தில் கவுண்டி சாம்பியன்ஷிப் நின்றுபோயிருந்தது. அமெரிக்காவின் பேஸ்பால் அணிகளில் வீரர்கள் பலர் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள். 1944 ஜூன் 10 அன்று சின்சினாட்டி அணி 15 வயதுப் பையன் ஜோ நக்ஸ்ஹாலைப் பந்து வீச இறக்கியது. 18-0 என்று தோற்றது. பாவம், ஆள் இல்லாத குறை!

இந்தியாவில் கிரிக்கெட் நிற்கவில்லை. பர்மா அரிசி வராமல் திருவிதாங்கூர் மரவள்ளிக்கிழங்கை நம்பிய, வங்காளத்தில் பஞ்சம் தலைவிரித்தாடிய அதே 1943-இல், பம்பாய் பிராபோர்ன் மைதானத்தில் பென்டாங்குலர் போட்டி நடந்தது. ஐந்து அணிகள்: ஐரோப்பியர், பார்சி, இந்து, முஸ்லிம், இவற்றில் சேராத 'மற்றவர்'. கிறிஸ்தவர், யூதர், பௌத்தர் எல்லோரையும் சேர்த்துக் கட்டிய அணி அது. ஆக, இங்கே ஆட்டம் சாய்ந்ததற்கு மதவாரியாக ஆள் பிரித்ததும் ஒரு காரணம். பெரிய சமூகத்துக்குத் தேர்ந்தெடுக்க ஆள் ஏராளம். மற்றவருக்குக் கிடைத்தவர்தான் வீரர்.

இறுதி ஆட்டத்தில் இந்து அணி 5 விக்கெட்டுக்கு 581 எடுத்து ஆட்டத்தை முடித்துக்கொண்டது. விஜய் மெர்ச்சன்ட் மட்டும் 250, ஆட்டமிழக்காமல். மற்றவர் அணி 133-க்குச் சுருண்டது. 448 ரன் பின்தங்கியதால் உடனே மறுபடி ஆட வேண்டிய நிலை. அப்போது ஒருவர் நின்றார்: விஜய் ஹசாரே, சாங்லியைச் சேர்ந்த கிறிஸ்தவர். ஒரு பக்கம் விக்கெட்டுகள் விழ விழ, அவர் எடுத்தது 309. அணியின் மொத்த எண்ணிக்கையோ 387தான்! மீதி எல்லோரும் எடுத்ததையும் உதிரி ரன்களையும் கூட்டினால் 78. அவர் சகோதரர் விவேக் 21 மட்டுமே எடுத்தார். ஆனால் மறுமுனையைக் காத்து நின்றார். இருவரும் சேர்ந்திருந்தபோது வந்தவை 300 ரன். அந்த 21 சின்ன விஷயமா?

இருந்தும் தோல்வி தவிரவில்லை. ஓர் இன்னிங்ஸும் 61 ரன்னும், அதாவது இருமுறை ஆடியும் எதிரணி ஒருமுறை எடுத்ததை எட்ட முடியவில்லை. ஏட்டில் இது ஒருபக்க ஆட்டம். ஆனால் இன்று அந்த ஆட்டம் நினைவுகூரப்படுவது 309-க்காகத்தான்.

மத வாரியான இந்தப் போட்டியைக் காந்தியடிகள் 1940-லேயே கண்டித்திருந்தார். 1946-இல் அது நின்றது. ஹசாரேயின் கதை நிற்கவில்லை. 1952 பிப்ரவரியில், நம்ம சேப்பாக்கத்தில், இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. இங்கிலாந்து ஓர் இன்னிங்ஸும் 8 ரன்னும் வித்தியாசத்தில் தோற்றது. அன்று இந்திய அணியின் தலைவர் யார் தெரியுமா? ஒருகாலத்தில் 'மற்றவர்' அணிக்காகத் தனியாக நின்ற அதே ஹசாரே!

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு, படிவங்களில் 'மற்றவை' என்ற கட்டத்தில் டிக் போடுவது பழகிப்போன ஒன்று. அந்தக் கட்டத்துக்குள்ளும் 309 அடிப்பவர் இருப்பார், 21 எடுத்துக் கூட நிற்பவரும் இருப்பார். நம்ம பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பேர் கதையையும் சேர்த்தே சொல்லுவோம்.